இருந்துட்டுப் போங்க
(மதுரைச் சமவெளி ஊர்களில் தங்குவது பற்றி, மதுரையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மதுரைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களை நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் வந்து இறங்குகிறார்கள். அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், ஒரு ஜிகர்தண்டா. நேரம் இருந்தால் அழகர்கோயில், கீழடி அருங்காட்சியகம். மறுநாள் விடிந்ததும் ராமேசுவரத்துக்கோ கொடைக்கானலுக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். நகரத்துக்கு வெளியே வயலும் கண்மாயும் கரடுமாகக் கிடக்கிற நம் சமவெளியைக் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறார்கள். அங்கே ஓர் இரவு தங்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. மதுரைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் யாரும் சொல்வதில்லை. அந்த ஓர் இரவைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் மனிதன் தங்குவதற்கென்றே செய்து வைத்து, யார் செய்தது என்ற எழுத்தோடும் நமக்குக் கிடைத்திருக்கிற இடங்களில் மிகப் பழையவை மதுரையைச் சுற்றித்தான் இருக்கின்றன. மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, திருவாதவூர், அழகர்மலை, வரிச்சியூர், யானைமலை, திருப்பரங்குன்றம், முத்துப்பட்டி, கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம். வரிசையாகச் சொன்னால் டவுன் பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வதுபோல் இருக்கும். அத்தனையும் நாம் தினமும் கடந்துபோகிற ஊர்கள். அந்த ஊர்க் குன்றுகளில் இயற்கையாக அமைந்த குகைத்தளங்கள் இருக்கின்றன. குகைத்தளங்களில் கற்படுக்கைகள் இருக்கின்றன. பல இடங்களில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டும் கூடவே இருக்கிறது.

மாங்குளத்தை ஒட்டிய மீனாட்சிபுரத்து மலைக்கு ஒரு நாள் சாயங்காலம் போய்ப் பாருங்கள். மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். பாறையில் ஏறிக் குகைத்தளத்துக்குள் குனிந்து நுழைந்தால், ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற நீளத்துக்குத் தரைப்பாறையைச் செதுக்கி மழித்திருப்பது தெரியும். தலைமாட்டில் ஒரு பட்டையை மட்டும் செதுக்காமல் மேடாக விட்டிருக்கிறார்கள். அதுதான் தலையணை. உள்ளங்கையால் தடவினால் உளி விழுந்த சின்னச் சின்னப் பள்ளங்கள் இன்னும் தட்டுப்படுகின்றன. பகல் முழுக்க வெயில் குடித்த பாறை இருட்டிய பிறகும் வெதுவெதுப்பாகவே இருக்கும். வெளியே வந்து குகையின் நெற்றியை நிமிர்ந்து பாருங்கள். நீளவாக்கில் ஒரு காடி வெட்டியிருக்கும். மேலே பெய்கிற மழை பாறையோடு வழிந்து உள்ளே போகாமல், அந்தக் காடியில் தட்டி வெளியே சொட்ட வேண்டும் என்பதற்காக வெட்டியது. இங்கே படுத்திருந்த சமணத் துறவிகள் வருஷம் முழுக்க நடப்பவர்கள். மழைக்காலம் நான்கு மாதம் மட்டும் ஓரிடத்தில் தங்குவார்கள். ஐப்பசி மழையில் தூங்குகிற ஒருவருடைய தலை நனையக்கூடாது என்று நினைத்து ஒருவர் உளியைப் பிடித்திருக்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. அந்தக் காடி இன்றைக்கும் வேலை செய்கிறது.

மாங்குளத்துக் கல்வெட்டுகளை 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார். அவை தமிழ்தான் என்பதை 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். ஐராவதம் மகாதேவன் அவற்றைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்று கணித்தார். நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயர் அங்கே இருக்கிறது. கணி நந்தாசிரியன் என்ற துறவிக்காக அந்த அறத்தைச் செய்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன. வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழு ஒன்றும் அவர்களோடு சேர்ந்திருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தவை அழகர்மலைக் கல்வெட்டுகள். அங்கே அரசன் இல்லை. உப்பு விற்றவர், வெல்லப்பாகு விற்றவர், ஏர்க்கொழு விற்றவர், துணி விற்றவர், பொற்கொல்லர் ஆகியோர்தான் இருக்கிறார்கள். கீழமாசி வீதியில் கடை வைத்திருக்கிற மனிதர்களைப் போன்றவர்கள்தான். ஊர் ஊராக வண்டியோட்டிப் பிழைத்தவர்களுக்கு, ராத்திரி தலைசாய்க்க ஓர் இடம் கிடைப்பதன் அருமை தெரிந்திருக்கிறது. அதனால்தான் தங்கள் காசில் முன்பின் தெரியாத ஒருவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளி என்றால் படுக்கை. பெருமாள் பள்ளிகொள்கிறார் என்று இன்றும் சொல்கிறோம். துறவிகள் படுத்திருந்த இடம் பள்ளி ஆயிற்று. அங்கே போய் ஊர்ப்பிள்ளைகள் எழுத்தும் பாடமும் கேட்டார்கள். படிக்கிற இடத்துக்கே பள்ளி என்று பெயர் வந்துவிட்டது. கீழக்குயில்குடி சமணர் மலையில் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்ற இரண்டு இடங்களையும் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தங்க வந்தவரிடமிருந்து ஊர் கற்றுக்கொண்டது. ஊரிடமிருந்து தங்க வந்தவர் சோறு வாங்கிக்கொண்டார். வழிப்போக்கருக்கும் ஊருக்கும் நடுவே நடந்த அந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் நாம் விட்டுவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு வந்த சத்திரங்கள் உங்களுக்குத் தெரிந்தவை. மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே மங்கம்மாள் சத்திரம். 1689-இல் ஆட்சிக்கு வந்த ராணி மங்கம்மாளின் பெயர் சாலைகளோடும் சத்திரங்களோடும்தான் மக்கள் மனசில் ஒட்டியிருக்கிறது. போர்களோடு ஒட்டவில்லை. சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். நிறுத்திய இரண்டு கல்லின் மேல் ஒரு கல் படுக்கவைத்திருக்கும். பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பார்கள். இறக்க முடியாமல் போன அவளுடைய சுமைக்காக, வழியில் போகிற யாரோ ஒருவர் தன் தலைச்சுமையை இறக்கி இளைப்பாறட்டும் என்று.

அழகரை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் அவர் மலையிலிருந்து மதுரைக்கு வருகிற வழி 21 கிலோமீட்டர். காரில் அரைமணி நேரம். அவரோ நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறார். மூன்றுமாவடியில் எதிர்சேவை, தல்லாகுளத்தில் தங்கல், சித்ரா பௌர்ணமியில் ஆற்றில் இறங்கல், வண்டியூரில் ஓர் இரவு, தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம், ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம், பிறகு பூப்பல்லக்கு. சாமியே ஊர் ஊராகத் தங்கித்தான் போய்ச் சேர்கிறார். அவரோடு வருகிற சனங்களும் அப்படித்தான். வண்டி பூட்டி, அடுப்புச் சாமான் ஏற்றி, புளியோதரை கட்டி, ஆற்றங்கரையிலும் தோப்பிலும் மண்டப நிழலிலும் படுத்தெழுந்து வந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடம் ஏற்றி நிற்கிற பெண்கள், வீட்டு வாசலில் தண்ணீர்ப்பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் ஊற்றுகிறவர்கள் எல்லோரும் முன்பின் தெரியாதவர்களுக்காகத்தான் நிற்கிறார்கள்.

ஜப்பானில் சிகோக்கு என்றொரு தீவு. அந்தத் தீவைச் சுற்றி 88 கோயில்கள். கூக்காய் என்ற புத்தத் துறவியின் பெயரால் அவற்றை வலம் வருகிறார்கள். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். முழுக்க நடந்தால் ஆறேழு வாரம் பிடிக்கும். வெள்ளை உடுத்து, கையில் கோலோடு நடந்து வருகிறவரைக் கண்டால் ஊர்க்காரர்கள் ஓடிவந்து ஆரஞ்சுப் பழமோ, சோற்று உருண்டையோ, ஒரு நாணயமோ கையில் வைத்து வணங்குவார்கள். ஒசெத்தாய் என்று அதற்குப் பெயர். கொடுத்தால் மறுக்கக்கூடாது. நடக்கிறவரோடு அந்தத் துறவியும் சேர்ந்து நடக்கிறார் என்பது நம்பிக்கை. காசு வாங்காமல் ஓர் இரவு படுக்க இடம் கொடுக்கிற வீடுகளும் வழியில் உண்டு. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நத்தம் சாலைதான் கண்முன் வந்தது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டமும், தலைமுறை தலைமுறையாக நகரத்தார் காவடியோடு நடந்துபோகிற அந்த வழியும், ரோட்டோரத்தில் பெஞ்சு போட்டுச் சுக்குக்காப்பி கொடுக்கிற பையன்களும்தான். அந்தத் தீவு தன் வழியை உலகத்துக்குச் சொல்லத் தெரிந்து வைத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பறந்து வந்து அந்த வழியில் நடக்கிறார்கள். அந்த மாதிரி வழி நம் வாசலிலேயே இருக்கிறது.

இவ்வளவு நேரம் பெருமை பேசினேன். இனி நம் குறையையும் நானே சொல்ல வேண்டும். நம் திண்ணை எல்லோருக்கும் திண்ணையாக இருந்ததில்லை. என் அப்பத்தா வீட்டில் வாசலுக்கு இரண்டு பக்கமும் திண்ணை. தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தச் சிமெண்டுத் தரை. மோர் விற்கிறவர், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், பஞ்சாங்கம் பார்க்கிறவர் என்று எல்லோரும் அதில் உட்கார்ந்து எழுந்து போவார்கள். வயலில் நாளெல்லாம் வேலை செய்துவிட்டுக் கூலிக்கு வந்தவர் மட்டும் தெருவில் நிற்பார். ஏன் என்று சின்ன வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்கு அதை நினைத்தால் நெஞ்சு கூசுகிறது. சத்திரங்களிலும் சாதி பார்த்துத்தான் பந்தி போட்டார்கள். நம் மீனாட்சி கோயிலுக்குள்ளேயே 1939 ஜூலை 8 அன்றுதான் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய முடிந்தது. அதனால் ஊரில் தங்குகிற பழைய வழக்கத்தை மீட்கிறோம் என்று கிளம்புகிற யாரும், எந்தத் தெரு வீட்டில் விருந்தாளி தங்குவது, யார் கையால் சாப்பிடுவது என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் சொல்லிவிட வேண்டும். காலனி வீட்டிலும் தங்கலாம், அங்கேயும் சாப்பிடலாம் என்று ஊர்கூடி ஒப்புக்கொள்ளாத இடத்தில் இந்த வேலையைத் தொடங்கக்கூடாது. அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சரி, தங்குகிறவர் என்ன செய்வார்? பகலெல்லாம் என்ன பார்ப்பார்? இதை என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் பார்க்க என்ன சார் இருக்கிறது என்று ஊர்க்காரர்களே கேட்கிறார்கள்.

மாசி, பங்குனியில் அறுப்பு முடிந்து கண்மாய்த் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கியதும் மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரிப் பக்கம் மீன்பிடித் திருவிழா வரும். முன்பு தண்டோரா போட்டார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. விடியற்காலை நாலரை மணிக்கே கரை நிறைந்துவிடும். கையில் ஊத்தா, கச்சா, கொசுவலை, பழைய சேலை என்று எது கிடைத்ததோ அது. ஊர்ப் பெரியவர்கள் கண்மாய்ச் சாமிக்குத் தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு, மடைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அவ்வளவுதான். ஆயிரம் பேர் ஒரே மூச்சில் இறங்குகிற சத்தத்தை ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது. கரையில் உட்கார்ந்திருந்த கொக்கும் நாரையும் மொத்தமாக எழும்பும்.

ஊத்தாவைப் பார்க்காத தம்பிகளுக்காகச் சொல்கிறேன். மூங்கில் சிம்புகளை வளைத்துக் கட்டிய கூடை மாதிரி இருக்கும். அடி திறந்திருக்கும், வாய் குறுகியிருக்கும். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பொத்தென்று ஊத்தாவைச் சேற்றில் அமுக்க வேண்டும். உள்ளே மீன் இருந்தால் சிம்பில் முட்டும். அந்த அதிர்வு உள்ளங்கைக்கு வரும். மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவிப் பிடிக்க வேண்டும். விரால் வழுக்கும். கெளுத்தி முள்ளால் குத்தும், குத்தினால் அன்றைக்கு முழுக்கக் கடுக்கும். எனக்குப் பதினோரு வயதில் எங்கள் மாமா என் கையைப் பிடித்து உள்ளே விட்டு, "பயப்படாதடா, செவுளுக்குப் பின்னாடி பிடி" என்றார். முதலில் சேறுதான் கையில் வந்தது. இரண்டாவது தடவை ஒரு குரவை மாட்டியது. அதன் குளிர்ச்சி இன்னும் இந்தக் கையில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த மீனை விற்கக்கூடாது என்பது ஊர்களின் கட்டுப்பாடு. எந்த ஊர்க்காரரும் எந்தச் சாதிக்காரரும் இறங்கலாம், கிடைத்தது அவரவர் வீட்டுக் குழம்புக்கு. அன்றைக்கு மத்தியானம் ஊருக்குள் நடந்தால் தெரு முழுக்க ஒரே வாசனை. நல்ல மழை பெய்து அடுத்த வருஷமும் கண்மாய் பெருகட்டும் என்பதுதான் வேண்டுதல். ஓர் ஊர் தன் பொதுச்சொத்தை எப்படிப் பகிர்ந்துகொள்கிறது என்பதை ஒரு காலைப்பொழுதில் இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற வேறொரு நிகழ்ச்சியை நான் பார்த்ததில்லை. முந்தின நாளே வந்து ஊரில் தங்கினால்தான் நாலரை மணிக்குக் கரையில் நிற்க முடியும். மதுரையில் லாட்ஜில் படுத்திருக்கிறவருக்கு அது கிடைக்காது.

மல்லிகைத் தோட்டமும் அப்படித்தான். 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, பேப்பரில் படித்தோம். மொட்டு விரிவதற்கு முன், வெயில் ஏறுவதற்கு முன் பறித்தாக வேண்டும். அந்த நேரத்தில் தோட்டத்தில் நிற்கிறவருக்குத்தான் அது என்ன பூ என்று தெரியும். அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் நூற்றுக்கணக்கான ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, குட்டிகளைக் கூட்டில் அடைத்துவிட்டு, பக்கத்திலேயே வயலில் படுப்பார்கள். எத்தனை இரவு கிடை கிடந்ததோ அதற்கேற்ற எரு அந்த நிலத்துக்கு. தங்குவதையே தொழிலாகச் செய்து, தங்கிய நிலத்தை வளமாக்கிவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். அவர்களிடம் உட்கார்ந்து ஒரு ராத்திரி நட்சத்திரம் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம்.

மறுபடியும் ஜப்பானுக்கு வருகிறேன். காரணம் இருக்கிறது. அங்கே கிராமங்களில் பிள்ளைகள் இல்லை. வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட, வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. 2023 கணக்குப்படி அந்த நாட்டில் சுமார் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் இருக்கின்றன. கூரை வேய்ந்த பழைய பண்ணை வீடுகளைச் செப்பனிட்டு, நடுக்கூடத்தில் கணப்பு மூட்டி விருந்தாளிகளைத் தங்கவைக்கிறார்கள். கியூஷு தீவில் ஓயிட்டா மாகாணத்தில் அஜிமு என்று ஓர் ஊர். திராட்சை விவசாயிகள். பெரிய கோயில் இல்லை, கோட்டை இல்லை. 1996-இல் அந்த ஊர்க் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, எங்கள் வீட்டில் வந்து தங்குங்கள், நாங்கள் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள், தோட்டத்துக்கு எங்களோடு வாருங்கள் என்று அழைக்கத் தொடங்கின. அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒருமுறை தங்கினால் தூரத்துச் சொந்தம், பத்துமுறை தங்கினால் நெருங்கிய சொந்தம். அதற்கு ஒரு அட்டையே உண்டு, வருகிறபோதெல்லாம் அதில் முத்திரை குத்துவார்கள்.

நம் பக்கத்தில் விருந்தாளியை விருந்தாடி என்போம். "விருந்தாடி வந்திருக்காக, கோழியப் புடி" என்றால் வந்திருப்பது சொந்தக்காரர் என்று அர்த்தம். சொந்தம் என்றாலே வந்து தங்குகிறவர்தானே. அஜிமுக்காரர்கள் யோசித்துக் கண்டுபிடித்ததை நம் பேச்சுமொழி எப்போதோ சொல்லி வைத்திருக்கிறது.

அவர்களுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அவர்கள் ஊர் காலியான பிறகு இதைச் செய்தார்கள். நம் ஊர்களில் இன்னும் ஆள் இருக்கிறது. செட்டிநாட்டில் கானாடுகாத்தானுக்குப் போய்ப் பாருங்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் போட்டுக் கட்டிய வீடுகள், தெருத்தெருவாகப் பூட்டிக் கிடந்தவை. அவற்றில் சில இன்று தங்கும் விடுதிகளாக உயிர் பெற்றிருக்கின்றன. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனாலும் வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் தங்குவது வேறு. அடுப்படியிலிருந்து "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தட்டுமா" என்று குரல் வருகிற வீட்டில் தங்குவது வேறு.

கிராமத்து அனுபவம் என்று விளம்பரம் செய்த ஒரு விடுதிக்கு நானே போயிருக்கிறேன். சுற்றி எட்டடி மதில். உள்ளே ஒரு மாட்டுவண்டி, மாடு இல்லை. அம்மியில் மஞ்சள் அரைத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மதிலுக்கு வெளியே ஊர்ப்பிள்ளைகள் பம்புசெட்டில் குதித்துக் கும்மாளம் போடுகிற சத்தம் கேட்டது. நான் போக விரும்பியது அந்தப் பம்புசெட்டுக்கு. வாசலில் இருந்தவர் விடவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் மேலூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஊர்க்காரர்களிடம் நேரடியாகவே பேசுகிறேன். வெளியிலிருந்து யாராவது வந்து நிலம் வாங்கி இதைச் செய்யக் காத்திருக்காதீர்கள். ஒரு ஊருக்கு நாலு வீடு போதும், எட்டுப் பேர் போதும். அதற்குமேல் வந்தால் ஊர் தாங்காது. எந்த வீடு, எவ்வளவு காசு, அது யாருக்குச் சேரும், கண்மாய்ப் பராமரிப்புக்கு அதில் எவ்வளவு என்பதையெல்லாம் கிராம சபையில் வைத்துப் பேசுங்கள். முதல் செலவு கழிப்பறைக்கும் குடிதண்ணீருக்கும். கட்டிலும் ஏசியும் வேண்டாம். சுத்தமான கோரைப்பாயும் துவைத்த போர்வையும் போதும். சமைப்பது வீட்டுப் பெண்கள்தான். அந்தக் காசு அவர்கள் கைக்கே, அவர்கள் கணக்குக்கே போக வேண்டும். மகளிர் குழு இல்லாத ஊர் இல்லை, அவர்களே நடத்தட்டும். முடியாத நாளில் முடியாது என்று சொல்கிற உரிமையும் அவர்களுக்கு இருக்கட்டும். அறுப்பு நேரத்தில், சாவு விழுந்த வீட்டில், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் விருந்தாளிக்கு இடம் இல்லை. வருகிறவர் ஊரின் நேரத்துக்கு வர வேண்டும். ஊர் தன்னை அவருடைய நேரத்துக்கு மாற்றிக்கொள்ளக் கூடாது.

சுற்றுலாப் படிப்பு படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம். 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. மீனாட்சிபுரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 193 ஹெக்டேர். ஏழு குன்றுகள், 72 ஏரி குளங்கள், 200 சுனைகள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள். லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் பொனெல்லி கழுகும் அந்தப் பாறைகளில் வாழ்கின்றன. அங்கே போகிறவர் ட்ரோன் பறக்கவிடக்கூடாது. பாட்டுப் போடக்கூடாது. கற்படுக்கையில் பெயர் கீறக்கூடாது. கீறியிருக்கிறார்கள். நெடுஞ்செழியன் பெயருக்குப் பக்கத்தில் காதலர் பெயர்களைப் பார்த்துவிட்டு நான் கீழே இறங்கி வந்து வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர் கீறுவது சின்ன ஆபத்து. பெரிய ஆபத்து என்னவென்று மேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிரானைட்டுக்காக முழுக் குன்றுகளையே அறுத்து எடுத்ததைப் பார்த்தவர்கள் நீங்கள். யானைமலையைச் சிற்ப நகரமாக்கப் போகிறோம் என்ற பேச்சு வந்தபோது நரசிங்கம், ஒத்தக்கடை மக்கள் திரண்டு எழுந்தார்கள். அந்தச் சமயத்தில், 2010-இல், எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்துத் தொடங்கியதுதான் பசுமை நடை. அவர்களோடு நடந்துதான் மதுரைக்காரர்கள் பலர் தங்கள் பக்கத்துக் குன்றை முதன்முதலாக ஏறிப் பார்த்தார்கள். 2024-இல் இதே பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2,015 ஹெக்டேரை ஏலம் விட்ட செய்தி வந்தது. நவம்பரில் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்து வந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த தாய்மார்களை நான் ரோட்டோரத்தில் நின்று பார்த்தேன். வழியில் தண்ணீர் கொடுத்தார்கள், சோறு கொடுத்தார்கள், அழகர் வருகிற நாளில் கொடுப்பது போலவே. ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

அந்த நடையில் வந்த பெண்களில் ஒருவரைப் பிறகு நான் மலையடிவாரத்தில் சந்தித்தேன். வயது எழுபது இருக்கும். வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். கல்வெட்டைப் பார்த்துவிட்டு இருட்டுகிற நேரத்தில் இறங்கி வந்த என்னை, "என்ன சோலியா வந்தீக?" என்றார். சொன்னேன். "அம்புட்டுத் தூரம் ஏறி எறங்கியிருக்கீக. இருந்துட்டுப் போங்க, ஒரு வாய் சாப்ட்டுப் படுத்துட்டு விடியப் போகலாம்ல" என்றார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து மதுரை வருகிற வரைக்கும் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷமாக இதைப் பற்றிப் பேசுகிற நானே தங்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த மாசியில் மறுபடி போனேன். பஸ் ஸ்டாண்டில் ரெண்டு சீப்பு வாழைப்பழமும் கொஞ்சம் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு போனேன். ஆத்தாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். திண்ணையில் பாய் விரித்து, தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர் வைத்தார். கரண்ட் போயிற்று. மலை கன்னங்கரேலென்று தெரு முனையில் நின்றது. பேரன் ஒருவன் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, மேலே அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். யாரோ ஒருவர் இன்னொருவருக்குப் படுக்கப் போட்டுக் கொடுத்ததை எழுதியிருக்கிறது என்றேன். யாருக்கு என்றான். சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் எப்போது தூங்கினான் என்று எனக்குத் தெரியவில்லை.